எல்லையோரக் கல்லூரியில் அறிவியல் பாடமும் ஊர்க் கிணறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழும் மலையாளமும் ஒரே பேருந்தில் ஏறி இறங்கும் பகுதியில், ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, முதலமடை ஊர்களிலிருந்தும், எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்திலிருந்தும் எங்களிடம் மாணவர்கள் வருகிறார்கள். தண்ணீர், காற்று, பூச்சிமருந்து, யானை என்று ஊர்க் கவலைகளை எங்கள் அறிவியல் துறைகள் பாடத்துக்குள் கொண்டுவரத் தொடங்கியதிலிருந்து, பெற்றோர் கூட்டத்திலும் ஆசிரியர் அறையிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில் சொல்பவர் வேதியியல்காரர் என்பதால் வேதியியலுக்குச் சற்றுக் கூடுதலாகவே இடம் கிடைத்திருக்கிறது.

"சுற்றுச்சூழல்னு தனியா ஒரு பேப்பர் இருக்கே. அப்புறம் எதுக்கு எல்லா டிபார்ட்மென்ட்டும் அதையே பேசணும்?"

அந்தத் தனிப்பாடம் நீதிமன்றத்தின் வழியாக வந்தது. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. 2003-இல் அது மீண்டும் வலியுறுத்தப்பட்ட பிறகு, பல்கலைக்கழக மானியக் குழு இளநிலை மாணவர் அனைவருக்கும் ஆறு மாதப் பாடம் ஒன்றை வைத்தது; 2023-இல் புதிய தேசியக் கல்விக் கொள்கைக்கு ஏற்ப அதற்குப் புதிய வரைவும் வந்தது. வணிகவியல் மாணவரும் வரலாற்று மாணவரும் அடிப்படைச் செய்திகளைத் தெரிந்துகொள்ள அந்தப் பாடம் போதுமானது.

அறிவியல் மாணவருக்கு அது போதாது. "நிலத்தடி நீர் மாசுபடுகிறது" என்று எழுதினால் அந்தத் தாளில் மதிப்பெண் கிடைக்கும்; எந்தப் பொருள், எந்தப் பாறையிலிருந்து, எந்த வேதிவினையால், எவ்வளவு கரைந்து வருகிறது என்று சொல்லும் பொறுப்பு வேதியியல் மாணவருக்கு உண்டு. தனிப்பாடத்தில் சொன்னதையே துறைகளும் திருப்பிச் சொல்வதாக இருந்தால் இந்தக் கேள்வி நியாயமானதே. அப்படிச் செய்யும் கல்லூரிகளும் உண்டு. மரம் நடுவதைப் படமெடுத்துச் சுவரில் ஒட்டுவதை நான் பாடமாற்றம் என்று எண்ணவில்லை.

"எங்க பொண்ணு கெமிஸ்ட்ரி படிக்கத்தானுங்க சேர்ந்தா. கிணத்துத் தண்ணிய எதுக்குப் பாட்டில்ல புடிச்சுட்டு வரச் சொல்றீங்க?"

ஏனென்றால் அந்தப் பாட்டிலுக்குள் அவளுடைய பாடம் இருக்கிறது. கரைதிறன் பெருக்கம் என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். கால்சியம் ஃபுளோரைடு தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். அதனால் தண்ணீரில் கால்சியம் மிகுந்திருந்தால் ஃபுளோரைடுக்கு இடம் குறைவு, கால்சியம் குறைந்திருந்தால் ஃபுளோரைடு ஏற வழியுண்டு. லிட்டருக்கு 200 மில்லிகிராம் கால்சியம் உள்ள நீரில் ஃபுளோரைடு ஏறத்தாழ 1.6 மில்லிகிராமுக்கு மேல் ஏற முடியாது என்றும், கால்சியம் 10 மில்லிகிராமாக இறங்கினால் அந்த எல்லை 7 மில்லிகிராமைத் தொடும் என்றும் பாடநூலில் உள்ள ஒரே சமன்பாட்டைக் கொண்டு மாணவியே கணக்கிட்டுவிடலாம். இது உச்ச எல்லை மட்டுமே. உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பாறையும் மழையும் நீரின் காரத்தன்மையும் முடிவு செய்யும். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் ஃபுளோரைடை 1 மில்லிகிராமுக்குள் வைக்கச் சொல்கிறது. வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்கிறது.

இதில் எங்கள் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வீடுகளில் தண்ணீரை நாக்காலும் அடுப்பாலும் சோதிக்கிறோம்: சோப்பு நுரைக்காவிட்டால், பருப்பு வேகாவிட்டால் அது சப்பைத் தண்ணீர், பருப்பு மலர வெந்தால் நல்ல தண்ணீர். பருப்பை வேகவிடாமல் செய்வது கால்சியமும் மக்னீசியமும். அவை குறைந்த நீர் வாய்க்கு இதமாகவும் பருப்புக்கு உகந்ததாகவும் இருக்கும். ஆனால் மேற்சொன்ன கணக்கின்படி அத்தகைய நீரில்தான் ஃபுளோரைடு உயர்வதற்குத் தடை குறைவு. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி கேரளத்தின் மற்ற இடங்களைப் போல மழை கொட்டும் இடமன்று. அடியில் இருப்பது பழைய நைஸ் பாறை, அதிலுள்ள கருப்பு மைக்கா போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. பாட்டி தலைமுறை தலைமுறையாக நம்பிய அடுப்புச் சோதனை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை உங்கள் மகள் கண்டுபிடித்து வீட்டுக்கு வந்து சொல்லப் போகிறாள். வேதியியல் படிக்கத்தான் சேர்ந்திருக்கிறாள்.

"இப்படி ஊர் சுத்துனா போர்ஷன் முடியுமா? பரீட்சைக்கு இது வருமா?"

கேரளத்தில் 2024 ஜூலையில் தொடங்கிய நான்காண்டு இளநிலைப் படிப்பு இதற்குக் கொஞ்சம் இடம் தருகிறது. பாலக்காடு அடங்கிய கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு தாளுக்கும் ஐந்து பகுதிகள். ஐந்தாவது பகுதியின் உள்ளடக்கத்தை ஆசிரியரே அமைத்துக்கொள்ளலாம், அதற்கு அகமதிப்பீட்டில் மதிப்பெண்ணும் உண்டு. முதல் நான்கு பகுதிகளையும் வழக்கம்போல் நடத்தியாக வேண்டும், அவற்றிலிருந்துதான் பல்கலைக்கழகத் தேர்வு.

ஐந்தாவது பகுதியைக் காலியாக விட்டுவிட்டு, பழைய வினாத்தாளைத் திருப்பிப் பார்ப்பதற்கு அந்த மணிநேரங்களைப் பயன்படுத்தும் வழக்கமும் இருக்கிறது. முதல் ஆண்டு எங்கள் துறையிலும் அதுதான் நடந்தது, மறைப்பதற்கில்லை.

"கெமிஸ்ட்ரி சரி. பிசிக்ஸ், மேத்ஸ்ல என்ன சார் சுற்றுச்சூழல்?"

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாலக்காட்டுக் கணவாயைவிட நல்ல இயற்பியல் ஆய்வகம் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டருக்கும் அகலமான அந்த இடைவெளியில் காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கிறது. காற்றாலைக்குக் கிடைக்கும் ஆற்றல் காற்றின் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. நொடிக்கு 3 மீட்டராக வீசும் காற்று 6 மீட்டரானால் ஆற்றல் இரு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. கேரள மின்வாரியம் கஞ்சிக்கோட்டில் 225 கிலோவாட் திறனுள்ள ஒன்பது காற்றாலைகளை 1995-இல் நிறுத்தியதற்கும், அவை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் மின்சாரம் தராததற்கும் இந்த ஒரு சூத்திரம் விடை சொல்லும்.

கணிதத்துக்கும் புள்ளியியலுக்கும் மழைமானிக் குறிப்புகள் இருக்கின்றன. அதைப் பற்றிக் கீழே காலநிலை குறித்த கேள்வியில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

"தவளைய அறுக்காம ஜுவாலஜியா?"

இந்தக் கேள்வியை அதிகம் கேட்பவர்கள் முன்னாள் மாணவர்கள். மானியக் குழு 2011-இல் உயிரினங்களை அறுப்பதைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி, 2014-இல் நிறுத்தவே சொல்லிவிட்டது. அதனால் விலங்கியல் துறைக்குக் கிடைத்த நேரத்தை என்ன செய்வது என்பதே உண்மையான கேள்வி. கணினித் திரையில் தவளையை அறுப்பது ஒரு வழி. எனக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை.

வாளையார் பாதையில் ரயிலில் வரும் மாணவர்களுக்கு வேறு வழி கண்ணெதிரே இருக்கிறது. போத்தனூருக்கும் பாலக்காட்டுக்கும் இடையே இருப்புப்பாதை காட்டை ஊடுருவிச் செல்கிறது; 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே இரவில் மூன்று யானைகள் ரயில் மோதி இறந்தன. 2024-இல் மதுக்கரைப் பகுதியில் தமிழ்நாடு வனத்துறை செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களை நிறுவியது. யானை எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எதற்காகப் பாதையைக் கடக்கிறது என்பது விலங்கியல். ஓட்டுநர் யானையைக் கண்டபின் வண்டி நிற்க எவ்வளவு தூரம் ஆகும் என்பது இயற்பியல். பாதையோரத்தில் யார் எச்சில் உணவைக் கொட்டுகிறார்கள் என்பது சமூகம். மூன்றையும் ஒரே அறையில் பேசினால் ஒரு பருவம் போதாது.

"ஊருக்கெல்லாம் சொல்றீங்க, உங்க லேப் சிங்க்ல ஊத்தறதெல்லாம் எங்க போகுது?"

ஒரு முதலாண்டு மாணவன் கேட்டான். அன்று பதில் சொல்ல முடியாமல் நின்றேன், ஏனென்றால் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த குழிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஆளுக்கு 100 மில்லி பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல் என்றால், ஒரு நாள் செய்முறைக்கு 4 லிட்டர். அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது.

இப்போது கரைசலை அளந்தெடுக்கும் 20 மில்லி குழாய்க்கு (பிப்பெட்) பதில் 5 மில்லி பிப்பெட். கழிவு நான்கில் ஒரு பங்காகிவிட்டது, அளவைப் பிழை சற்றுக் கூடியிருக்கிறது, அந்தப் பிழையைக் கணக்கிடுவதே ஒரு பயிற்சியாகிவிட்டது. மிஞ்சும் குரோமியத்தை மாணவர்களே பெர்ரஸ் சல்பேட்டால் ஒடுக்கி, சுண்ணாம்பு சேர்த்து வீழ்படிவாக்கி, சேற்றை மூடிய டப்பாவில் எடுத்துவைக்கிறார்கள். ஆரஞ்சு நிறம் கண்முன்னே பச்சையாவதைப் பார்த்த மாணவர் அடுத்த முறை தொட்டியில் ஊற்றத் தயங்குகிறார். இன்னும் தீராதது வேதி ஆக்சிஜன் தேவைச் சோதனை: தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அறிய அதே டைகுரோமேட்டுடன் பாதரச சல்பேட்டையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. மாசை அளக்க மாசு செய்கிறோம். அந்தச் சோதனையை வகுப்பு முழுவதற்கும் செய்ய வைக்காமல், ஒரே முறை செய்துகாட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

"நான் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். இங்க பாடம் இங்கிலீஷ்ல, சார் விளக்கம் மலையாளத்துல. எனக்கு எப்படிங்க புரியும்?"

சமூகக் கவலை என்றால் எங்கோ இருப்பது என்று நினைக்கிறோம். அது முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறது. கேரளத்துத் தமிழ்வழிப் பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கல்லூரியின் முதல் பருவம் மூன்று மொழிகளின் நெரிசல். பலர் வாயைத் திறப்பதில்லை, அதனால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று ஆசிரியர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

நாங்கள் செய்தது சிறிய காரியம். ரெக்கார்ட் நோட்டின் இடப்பக்கத்தில், வீட்டில் பேசும் மொழியில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்றோம். மதிப்பெண் வலப்பக்கத்துக்கு மட்டும். இரண்டாவது கேள்வியில் சொன்ன பருப்புச் சோதனை அப்படி ஓர் இடப்பக்கத்திலிருந்துதான் எங்களுக்குக் கிடைத்தது. அதுவரை வாயே திறக்காத ஒரு மாணவி எழுதியது. கிணற்றுக்குப் போகும்போது நிலை முற்றிலும் மாறிவிடுகிறது: வடகரப்பதியில் வீட்டுக்காரம்மாவிடம் பேசத் தெரிந்தவள் அவள்தான், மலையாளம் பேசும் வகுப்புத் தோழர்கள் அவளுக்குப் பின்னால் நிற்கிறார்கள். பல்கலைக்கழகத் தேர்வுக்கு ஆங்கிலம் வேண்டும் என்பது மாறவில்லை. அதற்குத் தனியாக உழைக்கத்தான் வேண்டும்.

"பிளாச்சிமடையப் பத்தி கிளாஸ்ல பேசலாமா? அது அரசியல் இல்லையா?"

எங்கள் கல்லூரியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊரைப் பற்றிப் பேசாமல் நிலத்தடி நீரை நடத்துவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பெருமாட்டி ஊராட்சியிலுள்ள பிளாச்சிமடையில் கோக்க-கோலா ஆலை 2000-இல் இயங்கத் தொடங்கியது. கிணறுகள் வற்றுகின்றன, நீர் குடிக்கவும் சமைக்கவும் ஆகாமல் போகிறது என்று 2002 ஏப்ரல் 22-இல் மக்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமானார். ஆலை உரமாகக் கொடுத்த கழிவுச் சேற்றில் ஈயமும் காட்மியமும் இருந்தது 2003-இல் வெளிவந்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010-இல் உயர்நிலைக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காகக் கேரளச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றிய மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறவில்லை.

வகுப்பில் நாங்கள் எடுத்துக்கொள்வது உயர் நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை. 2003 டிசம்பரில் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்கள் அனைவருக்கும் உரியது, அரசு அதன் காவலன் மட்டுமே என்றார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு, நிபுணர் குழு அறிக்கையை வைத்து, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. முதல் தீர்ப்பின் கேள்வி நீர் யாருடையது என்பது. இரண்டாவதன் கேள்வி எவ்வளவு எடுத்தால் ஊற்று தாங்கும் என்பது. இரண்டாவது கேள்விக்கு அறிவியல் துறையால் உதவ முடியும். முதல் கேள்விக்கு ஆய்வகத்தின் எந்த அளவுக் குழாயும் விடை தராது. இந்த வேறுபாட்டை மாணவர் உணர்ந்துவிட்டால், கட்சி பேசாமலே பிளாச்சிமடையைப் பேசிவிடலாம். அளவீடு நடுநிலையானது என்று சொல்லி முதல் கேள்வியை மறைத்துவிடுவதும் அரசியல்தான்.

"ஆழியாறு தண்ணிப் பிரச்சினைல நீங்க யார் பக்கம்?"

பொள்ளாச்சிப் பையனும் கேரளப் பக்கத்து நல்லேப்பிள்ளிப் பையனும் ஒரே பெஞ்சில் உட்காரும் வகுப்பில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 1970-இல் இரு மாநிலங்களும் செய்த பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டில் சித்தூர்ப் பள்ளத்தாக்குக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் தரப்பட வேண்டும். இரு பக்கமும் செய்தித்தாள்கள் டி.எம்.சி. என்று எழுதுகின்றன, அதைக் கன மீட்டராக மாற்றச் சொன்னால் ஏறக்குறைய 20.5 கோடி வரும். அந்த நீர் எந்த மாதத்தில் வருகிறது, நெல்லுக்கு எப்போது தேவை, பொள்ளாச்சித் தென்னைக்கு எப்போது தேவை என்று பட்டியல் போட்டபோது, சண்டை நீரின் அளவைவிட அது வரும் காலத்தைப் பற்றியதாக இருப்பதை இரண்டு பையன்களும் கண்டார்கள். நான் கேரளப் பக்கத்து மூலத்தரை அணைக்கட்டுக்குக் கீழே குடியிருப்பவன். என் பக்கம் எது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

"சமூகப் பிரச்சினையத் தீர்க்கறது சயின்ஸ் வாத்தியார் வேலையா?"

தீர்ப்பது அவர் வேலையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்; தெரிந்ததைச் சொல்வது அவர் வேலை. இதே மாவட்டத்தில் மண்ணார்க்காட்டுக்கு மேலே உள்ள அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் அணை கட்ட இருந்தபோது, அதை முன்னின்று எதிர்த்தவர்களில் ஒருவர் தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத். 1962-இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கத்தின் வழியாகக் கல்லூரி ஆசிரியர்கள் அந்தக் காட்டைப் பற்றி ஊர் ஊராகப் பேசினார்கள். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய தாவரவியலர் ஜானகி அம்மாளும் தம் முதிய வயதில் அந்த அணைக்கு எதிராகக் குரல் கொடுத்தார். 1984-இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று.

வேறொரு பக்கமும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டார்கள். எவ்வளவு மழை, எவ்வளவு சரிவு, மண்ணின் பிடிமானம் எவ்வளவு என்பதையெல்லாம் புவியியலும் இயற்பியலும் சொல்லும். தொழிலாளர்களின் அந்த வரிசைக் குடியிருப்புகள் (லயன் வீடுகள்) ஏன் ஓடையோரத்தில் இருந்தன, சேதி ஏன் மறுநாள் காலையில்தான் வெளியுலகத்துக்குப் போனது என்பவை அந்தப் பாடத்துக்கு வெளியே நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பாடத்தில் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டால் மழை மட்டுமே குற்றவாளியாகிவிடும்.

"தண்ணியச் சோதிச்சுட்டு ரிசல்ட்ட வீட்டுக்காரங்ககிட்டச் சொல்லலாமா?"

சொல்ல வேண்டும், ஆனால் முதல் அளவீட்டைச் சொல்லக்கூடாது. இதை நாங்கள் பட்டுத்தான் கற்றோம். ஃபுளோரைடு இருந்தால் எங்கள் சிர்கோனியம் சாயக் கரைசலின் சிவப்பு வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு ஃபுளோரைடு. ஒரு விவசாயியின் கிணற்று நீர் 2-க்கு மேல் காட்டியது. மாணவர்கள் ஆர்வத்தில் அன்று மாலையே போய்ச் சொல்லிவிட்டார்கள். அவர் மறுநாளே கிணற்றை விட்டுவிட்டு வேனில் விலைத் தண்ணீர் வாங்கத் தொடங்கினார். அதே கிணற்றில் குடிநீர் எடுத்த பக்கத்து வீட்டாருக்கும் அவருக்கும் பேச்சு முறிந்தது. இரண்டு வாரம் கழித்து மீண்டும் எடுத்தபோது 0.8.

முதல் நாள் மாதிரி எடுப்பதற்கு முந்தைய மாலை கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறார்கள். குளோரினும் அந்தச் சிவப்பை வெளுக்கும். ஃபுளோரைடு என்று நாங்கள் படித்ததில் பெரும்பங்கு குளோரின். ஆர்சனைட் கரைசல் ஒரு சொட்டு விட்டுக் குளோரினை நீக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்று செய்முறைத் தாளிலேயே அச்சிட்டிருந்தது, செய்யாமல் விட்டோம். நானே போய் அந்த விவசாயியிடம் மன்னிப்புக் கேட்டேன். "இப்ப இது மட்டும் சரின்னு எப்படிங்க நம்பறது?" என்றார். அன்றிலிருந்து மாதிரி எடுக்கும் படிவத்தின் முதல் வரி: "கடைசியாக மருந்து போட்டது என்று?" இரண்டு வெவ்வேறு நாள்களில் எடுத்து, இரண்டு பேர் அளந்து, ஆசிரியர் ஒருவர் கையெழுத்திட்ட பிறகே முடிவு வீட்டுக்குப் போகிறது.

"மோசம்னு வந்துட்டா அப்புறம்? எங்களுக்கு வேற கிணறு இல்லையே."

உங்கள் நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் என்றால், அரசுச் சோதனைக்கூடத்தில் ஒருமுறை உறுதிசெய்துகொண்டு ஊராட்சியிடம் குழாய் நீர் கேட்பது முதல் வேலை. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வேறு நீர் போதும்; குளிக்க, துவைக்க இதுவே ஆகும். நீரைக் கொதிக்கவைப்பதால் ஃபுளோரைடு போகாது, நீர் ஆவியாகக் குறைவதால் செறிவு கூடும். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து வீழ்த்தும் நல்கொண்டா முறையை வகுப்பில் செய்துகாட்டுகிறோம்; சேர்க்கும் அளவு நீருக்கு நீர் மாறும் என்பதால் வீட்டில் கைக்கணக்காகச் செய்ய நான் சொல்வதில்லை.

"உங்க காலேஜ் ரிப்போர்ட்டை வெச்சு கேஸ் போடலாமா?"

கூடாது. எங்களுடையது மாணவர் கற்பதற்கான ஆய்வகம். அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடம் அன்று. மேலே சொன்ன குளோரின் கதையை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டால் ஐந்து நிமிடத்தில் வழக்கு முடிந்துவிடும். எங்கே சோதிக்க வேண்டும், எதைச் சோதிக்க வேண்டும் என்று காட்டுவதற்கு மட்டும் எங்கள் தாள் உதவும்.

"ஆலைக்காரர் ஸ்பான்சர் பண்ற காலேஜ்ல, அந்த ஆலைப் பக்கத்துக் கிணறு கெட்டிருந்தா என்ன பண்ணுவீங்க?"

இதைக் கேட்டவர் இளம் ஆசிரியர், வேறு கல்லூரி. எளிய விடை என்னிடம் இல்லை. அளந்ததை மாற்றி எழுதக்கூடாது என்பதில் மட்டும் ஐயமில்லை. எந்தக் கிணறுகளைச் சோதிப்பது என்பதை முடிவு தெரிவதற்கு முன்பே துறைக்கூட்டத்தில் தீர்மானித்து, எழுதி, கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு "அந்தக் கிணற்றை விட்டுவிடலாமே" என்று யார் சொன்னாலும் அதுவும் எழுத்தில் வர வேண்டியிருக்கும். ஒற்றை ஆசிரியர் பெயரில் எதையும் வெளியிடாதீர்கள். ஒப்பந்த ஆசிரியராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. மாணவரை ஒருபோதும் முன்னால் நிறுத்தாதீர்கள்.

"கிணறு வத்துனதுக்குக் காரணம் கிளைமேட் சேஞ்ச்தானே சார்?"

எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்லைப் போடும் பழக்கம் மாணவரிடம் வேகமாகப் பரவிவருகிறது. முதல் கேள்வியில் சொன்ன தனிப்பாடத்துக்கும் அதில் பங்குண்டு. ஒரு கிணறு வற்ற மழை குறைந்திருக்கலாம், மழை அதே அளவு பெய்தும் குறைந்த நாள்களில் கொட்டி ஓடியிருக்கலாம், பக்கத்தில் ஆழ்துளைக் கிணறுகள் கூடியிருக்கலாம், கால்வாயில் நீர் வரும் நாள் மாறியிருக்கலாம். சித்தூர் வட்டாரம் கேரளத்திலேயே நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்பட்ட பகுதியாக நடுவண் நிலத்தடி நீர் வாரியத்தால் வகைப்படுத்தப்பட்டது. அந்தக் காரணத்தை வானத்தின் மேல் போட்டுவிட முடியாது.

எனவே புள்ளியியல் துறையோடு சேர்ந்து ஒரு பயிற்சி வைத்தோம். மழைமானிக் குறிப்பில் ஆண்டு மொத்தத்தை ஒரு வரைபடமாகவும், மழை பெய்த நாள்களின் எண்ணிக்கையை இன்னொன்றாகவும், ஊரில் ஆண்டுதோறும் தோண்டிய ஆழ்துளைக் கிணறுகளை மூன்றாவதாகவும் வரைய வேண்டும். மூன்றாவதற்குத் தரவு எந்த அலுவலகத்திலும் முழுமையாக இல்லை; ரிக் வண்டிக்காரர்களிடமும் பெரியவர்களிடமும் கேட்டு எழுதினார்கள். உலகம் சூடாவதில் ஐயமில்லை. இந்தக் கிணறு வற்றியதில் அதற்கு எவ்வளவு பங்கு என்பதை, மற்ற காரணங்களைக் கழிக்காமல் எழுதும் விடைக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

"இதப் படிச்சா வேலை கிடைக்குமா?"

நீர்ச் சோதனைக்கூடம், உணவு ஆய்வகம், மாசுக்கட்டுப்பாட்டுத் துறை, ஆலைகளின் கழிவுநீர்ப் பிரிவு ஆகியவற்றுக்குக் கைப்பழக்கம் உள்ளவர்கள் வேண்டும். போட்டித் தேர்வைத் தனியாக எழுதித்தான் ஆக வேண்டும்.

"எங்கப்பா மாந்தோப்புக்கு மருந்தடிக்கறவர். கிளாஸ்ல பூச்சிமருந்தப் பத்தி நீங்க பேசறப்ப நான் எங்க பாக்கறது சார்?"

முதலமடைப் பக்கத்து மாணவி, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு கேட்டது. அன்று நான் எண்டோசல்ஃபான் நடத்தியிருந்தேன்: காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஹெலிகாப்டரிலிருந்து தெளித்தது, பிறந்த குழந்தைகளின் நிலை, 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் விதித்த தடை. எல்லாம் சரியான செய்திகள். தெளிப்பவர் என்ற சொல்லை மட்டும் யோசிக்காமல் பலமுறை பயன்படுத்தியிருந்தேன்.

மறுவாரம் அந்தப் பாடத்தை வேறு இடத்திலிருந்து தொடங்கினேன். தோலின் வழியாக உடலுக்குள் எந்த மருந்து எவ்வளவு வேகமாகப் போகும், கொழுப்பில் கரையும் பொருள் ஏன் உடலில் தங்கும், ஈரத் துணி ஏன் காப்பதில்லை, ஆடி மாதக் காற்றில் தெளித்தால் துளி எவ்வளவு தூரம் போகும். நான்காவது கேள்வியில் சொன்ன காற்று வேகக் கணக்கு இதற்கும் உதவியது. மருந்தால் முதலில் பாதிக்கப்படுபவர் அடிப்பவர்தான் என்பது அந்த வகுப்பில் தானாகவே வெளிவந்தது. மருந்து டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் முக்கோணத்தின் நிறம் என்ன சொல்கிறது என்று அவள் தன் தந்தைக்காகத் தமிழில் ஒரு தாள் எழுதிக்கொண்டாள்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. அந்தத் தாளைப் படியெடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அப்பாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.